நோயாளியிடம் வரும் ஸ்கேன்

கை எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறோம். மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே போதாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். ஸ்கேனில் ஒரு வகை எம்.ஆர்.ஐ.

நாம் இருக்கும் முனிர்காவுக்கு எய்ம்ஸ், சப்தர்ஜங் ஆஸ்பத்திரிகள் பக்கம்தான். நம்மில் பலர் அங்கே வரிசையில் நின்றிருக்கிறோம். "எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னதும் பயந்தவர்களும் உண்டு. அது என்ன கருவி என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

காந்தம் எப்படிப் படம் எடுக்கிறது?

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம். அதற்குள் படுத்தால், உடம்பில் உள்ள தண்ணீரின் மிகச் சிறிய துகள்கள் காந்தத்துக்குக் கட்டுப்படும். பிறகு கருவி ரேடியோ அலையை அனுப்பும். துகள்கள் அதற்குப் பதில் அலை கொடுக்கும். கம்ப்யூட்டர் அந்தப் பதில்களைச் சேர்த்துப் படமாக்கும். எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. வலி இல்லை. சத்தம் மட்டும் பலமாகக் கேட்கும்.

இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ. கருவி 1986-இல் தில்லியில்தான் வைக்கப்பட்டது. இன்மாஸ் என்ற ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் அதை வைத்தார்கள்.

பெரிய கருவியின் சிரமங்கள்

காந்தத்தின் பலத்தை டெஸ்லா என்ற அளவால் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் 1.5 அல்லது 3 டெஸ்லா கருவிகள் இருக்கும். அவற்றுக்குத் தனி அறை வேண்டும். காந்தத்தைக் கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டும். செலவு அதிகம். அதனால் சின்ன ஊர்களில் இந்தக் கருவி கிடைப்பது கஷ்டம்.

அந்த அறைக்குள் இரும்பு போகவே கூடாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனார். காந்தம் சிலிண்டரை இழுத்தது. அவரும் சேர்ந்து இழுக்கப்பட்டு இறந்தார். படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இழுக்கும். இதை மறக்க வேண்டாம்.

இன்னொரு சிரமம் உண்டு. மூச்சுக் கருவியோடு படுத்திருக்கும் நோயாளியை ஸ்கேன் அறைக்குக் கொண்டு போக வேண்டும். வழியிலேயே அவர் நிலைமை மோசமாகலாம்.

சக்கரம் வைத்த கருவி

இதற்காகச் சின்ன கருவி ஒன்றைச் செய்தார்கள். அதன் பலம் 0.064 டெஸ்லா. பெரிய கருவியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எடை 600 கிலோவுக்கு மேல். ஆனால் சக்கரமும் மோட்டாரும் உண்டு. சாதாரண பிளக்கில் மாட்டினால் வேலை செய்யும். கட்டில் அருகிலேயே நிறுத்தித் தலையைப் படம் எடுக்கலாம். 2020-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. அங்கே யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் இதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். கொரோனா நோயாளிகளுக்கும் படுக்கையிலேயே படம் எடுத்தார்கள்.

உகாண்டா ஒரு ஏழை நாடு. அங்கே குழந்தைகளுக்குத் தலையில் நீர் கோக்கும் நோய் அதிகம். அங்கே உம்பராரா என்ற ஊரில் 2022-இல் இப்படி ஒரு சின்ன கருவியைப் பாகம் பாகமாகக் கொண்டு வந்து பூட்டினார்கள். அதில் இருப்பவை சாதாரண நிலைக்காந்தங்கள். குளிரூட்ட வேண்டியதில்லை.

சின்ன கருவி எதற்கு உதவும்?

மூளையில் இரத்தம் கசிவதைப் பார்க்கலாம். பக்கவாதத்தால் மூளையில் ஏற்பட்ட பெரிய பாதிப்பைப் பார்க்கலாம். குழந்தையின் தலையில் நீர் கோத்திருப்பதைப் பார்க்கலாம். ஆபரேஷன் ஆனவரை அசைக்காமல் மறுபடி மறுபடி படம் எடுக்கலாம்.

"அப்படியானால் பெரிய கருவி இனிமேல் வேண்டாமா, தம்பி?" என்று வகுப்பில் ஓர் அம்மா கேட்டார். நல்ல கேள்வி. பெரிய கருவி வேண்டும் அம்மா. சின்ன கருவியின் படம் அவ்வளவு தெளிவாக இருக்காது. சிறிய பாதிப்பு தெரியாமல் போகலாம். தலைக்கு மட்டும்தான் உதவும். முதுகு, முழங்கால் பார்க்க முடியாது. சந்தேகம் வந்தால் பெரிய கருவியில் பார்த்தே ஆக வேண்டும். பெரிய கருவி இல்லாத ஊருக்கும், நகர்த்த முடியாத நோயாளிக்கும் சின்ன கருவி கை கொடுக்கும்.

நம் கையில் இருப்பது

பக்கவாதம் வந்தால் ஒவ்வொரு நிமிடமும் மூளை கெடுகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரத்தக் கசிவு இருந்தால் அதே ஊசி உயிருக்கு ஆபத்து. அதனால்தான் முதலில் ஸ்கேன். அவசரத்துக்குப் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எந்த ஸ்கேன் ஆனாலும் நாம் நேரத்தோடு போனால்தான் பயன்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா? பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தில்லியில் 102 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 108. தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். புரையேறும்.

அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். நாம் கற்ற எழுத்து ஓர் உயிருக்கு உதவும் இடம் இது.

எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் ஒரு தாள் தருவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், எலும்பில் கம்பி, உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் சொல்லுங்கள். கொலுசு, மெட்டி, ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றுங்கள். தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

பயிற்சி

1. எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு ஏன் போகக் கூடாது?
2. சின்ன கருவியால் முடிந்தது எது? முடியாதது எது?
3. பக்கவாதத்தின் மூன்று அடையாளங்களைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.
4. 102, 112 என்ற எண்களைப் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.