செருகுநிரல்களில் தேங்கும் தீநிரல்: அதன் இயல்பும் தடுப்பு முறைகளும்

பள்ளிக்கூடங்களும் களப்பணி அலுவலகங்களும் தமக்கென இணையதளம் அமைத்துக் கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. இவற்றுட் பல, 2003-ஆம் ஆண்டில் வெளியான வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு அமைக்கப்படுகின்றன. அம்மென்பொருளுடன் தொடர்புப் படிவம், படத்தொகுப்பு, வருகைக் கணக்கு முதலிய வசதிகளை வேண்டியவாறு சேர்த்துக் கொள்ளலாம். இவ்வாறு சேர்க்கப்படும் சிறு மென்பொருள்களே செருகுநிரல்கள் எனப்படும். மூல மென்பொருளில் இருப்பதைவிட இச்செருகுநிரல்களிலேயே பாதுகாப்புக் குறைகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றுள் அடிக்கடி வெளிப்படுவது 'கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்' என்பதாகும். அபாயம் மிக்க மென்பொருட் குறைகள் இருபத்தைந்தை வரிசைப்படுத்தி வெளியிடப்பெறும் பட்டியலில் 2024-ஆம் ஆண்டில் முதலிடம் பெற்றது இதுவே. இக்குறையின் 'தேங்கிய வகை' யாது, அது எங்ஙனம் தீங்கு செய்கின்றது, அதனைத் தடுக்கும் வழிகள் எவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. சொல்லும் கட்டளையும்

வகுப்பில் ஆசிரியர் சொல்வதெழுதுதல் நடத்துகின்றார். அவர் 'முற்றுப்புள்ளி' என்றதும் மாணவன் அச்சொல்லை எழுதுவதில்லை. ஒரு புள்ளியை வைக்கின்றான். ஏனெனில் அஃது எழுதவேண்டிய சொல்லன்று. செய்யவேண்டியதைக் கூறும் கட்டளை. ஆனால், 'வாக்கியத்தின் இறுதியில் முற்றுப்புள்ளி இடுக' என்னும் தொடரையே எழுதவேண்டி நேரின் மாணவன் மயங்குவான். சொல்லும் கட்டளையும் ஒரே குரலில் வருவதே அம்மயக்கத்துக்குக் காரணம்.

இணையப் பக்கத்தைக் காட்டும் உலாவியின் நிலையும் இதுவே. பக்கம் முழுவதும் எச்.டி.எம்.எல். என்னும் ஒரே எழுத்தோட்டமாக வந்து சேர்கின்றது. அதில் கோணக் குறிகளுக்கிடையே உள்ளவை கட்டளைகள். ஏனையவை படிப்பதற்குரிய சொற்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்குக என்னும் கட்டளையும் இவ்வாறே வருகின்றது. பார்வையாளர் ஒருவர் படிவத்தில் தம் பெயருக்குப் பதிலாக இத்தகைய கட்டளையை எழுதி அனுப்பி, தளமும் அதனை உள்ளவாறே பக்கத்தில் இடுமாயின், உலாவி அதனை நிறைவேற்றிவிடும். எழுதியவர் தளத்தின் உரிமையாளரா, அயலாரா என்று பிரித்தறிய உலாவிக்கு வழியில்லை.

2. தேங்கிய வகையின் தனித்தன்மை

தீய நிரல் ஓர் இணைப்பின் வழியே வந்து, அவ்விணைப்பைத் தொட்டவருக்கு மட்டும் இயங்குமாயின், அஃது எதிரொலி வகையாகும். அந்நிரல் தளத்தின் தரவுத்தளத்திற் பதிந்து, அப்பக்கத்தைத் திறப்போர் அனைவருக்கும் இயங்குமாயின், அது தேங்கிய வகையாகும். முன்னது ஒரு குவளையில் கலந்த நஞ்சு. பின்னது ஊர்க்கிணற்றில் கலந்த நஞ்சு.

இதன் வேகத்தை உலகம் 2005 அக்டோபரில் அறிந்தது. மைஸ்பேஸ் என்னும் சமூகத் தளத்தில் சாமி கம்கார் என்பவர் தம் சுயவிவரப் பக்கத்தில் ஒரு நிரலைப் பதித்தார். அதனைப் பார்த்தவரின் பக்கத்திலும் அந்நிரல் தானே பதிந்து கொண்டது. ஒரு நாள் கழியுமுன் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களிடம் அது பரவிவிட்டது. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்னும் சொல்லை அத்தளம் முன்னரே தடுத்திருந்தது. ஆயினும், அச்சொல்லை இரண்டாகப் பிளந்து இரு வரிகளில் எழுதியபோது வடிகட்டி ஏமாந்தது. சில உலாவிகளோ அதனை ஒரே சொல்லாக ஏற்றன. தீய சொற்களைப் பட்டியலிட்டுத் தடுக்கும் முறை போதாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3. செருகுநிரல்களில் குறை நுழையும் வழிகள்

முதலாவது, பொதுமக்கள் நிரப்பும் படிவம். 2015-ஆம் ஆண்டில் ஜெட்பேக் என்னும் செருகுநிரலில் இத்தகைய குறை கண்டறியப்பட்டது. அதன் தொடர்புப் படிவத்தில் மின்னஞ்சல் முகவரிக்குரிய இடத்தில் தீய நிரலை எழுதி அனுப்ப இயலும். நிர்வாகி, வந்த கருத்துகளைப் படிப்பதற்காக அப்பக்கத்தைத் திறந்தவுடன் அந்நிரல் அவருடைய உலாவியில் இயங்கும். இங்கு நிர்வாகி செய்த தவறு யாதுமில்லை. தம் கடமையைச் செய்தார், அவ்வளவே. இவ்வகைக் குறையின் கொடுமை இதுதான்.

இரண்டாவது, குறைந்த உரிமை உடைய பயனர்கள் எழுதும் ஷார்ட்கோடு என்னும் சுருக்கக் குறி. வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' நிலையிலுள்ளவர் கட்டுரை எழுதலாம், வெளியிட இயலாது. அவர் எழுத்திலுள்ள நிரற் கட்டளைகளை மூல மென்பொருள் நீக்கிவிடும். ஆனால், சுருக்கக் குறிக்குள் அவர் கொடுக்கும் அகலம், நிறம், தலைப்பு முதலிய மதிப்புகள் வெறுஞ் சொற்களாகத் தோன்றுவதால் அவை தடையின்றிக் கடந்து செல்லும். செருகுநிரல் அவற்றைச் சோதியாமல் எச்.டி.எம்.எல். குறிக்குள் வைத்தால், மேற்கோட் குறி ஒன்றே அடைப்பை உடைத்துக் கட்டளையாக மாறிவிடும். கட்டுரையைச் சரிபார்க்கத் திறக்கும் ஆசிரியரே முதல் இலக்காவார். மாணவர்களுக்குப் பங்களிப்பாளர் உரிமை வழங்கியுள்ள பள்ளிகள் இதனை மனத்திற் கொள்க.

மூன்றாவது, நிர்வாகப் பகுதியில் தோன்றும் அறிவிப்பு. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்டிருந்த லைட்ஸ்பீட் கேச் என்னும் செருகுநிரலில், உள்நுழையாத அயலார் அனுப்பிய எழுத்தும் நிர்வாக அறிவிப்பில் இடம்பெறும் குறை இருந்தது. 2023 அக்டோபரில் வெளியான 5.7.0.1 பதிப்பில் அது நீக்கப்பட்டது. எனினும் புதுப்பிக்கப்படாத தளங்கள் 2024-ஆம் ஆண்டிலும் தாக்கப்பட்டன; அவற்றில் போலி நிர்வாகிக் கணக்குகள் உண்டாக்கப்பட்டன. மருந்து வெளிவந்து மாதங்கள் பல கழிந்த பின்னரும் நோய் தாக்கியதற்குக் காரணம், மருந்தை உட்கொள்ளாமையே.

4. நிரல் செய்யும் தீங்கு

உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் 'குக்கி' என்னும் சிறு பதிவைத் திருடுவதே நோக்கம் எனப் பலர் எண்ணுவர். வேர்ட்பிரஸ் தன் உள்நுழைவுக் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க இயலாதவாறு காக்கின்றது. ஆயினும் அபாயம் நீங்கிவிடவில்லை. நிரல் நிர்வாகியின் உலாவிக்குள்ளேயே இயங்குவதால், சாவியைத் திருடாமலே, திறந்த வீட்டினுள் நின்று வேலை செய்கின்றது. புதிய நிர்வாகியைச் சேர்த்தல், செருகுநிரற் கோப்பைத் திருத்துதல், பார்வையாளரைப் போலித் தளத்துக்குத் திருப்புதல் ஆகிய யாவும் நிர்வாகியின் பெயராலேயே நடைபெறும்.

5. நிரல் எழுதுவோர் கடமை

அடிப்படை விதி ஒன்றே: அயலார் தந்த எழுத்து, பக்கத்தில் வெளிப்படும் தறுவாயில், சொல்லாகவே நிற்குமாறு மாற்றப்பெறல் வேண்டும். கோணக் குறி, மேற்கோட் குறி முதலியவற்றை அவற்றுக்குரிய மாற்றெழுத்தால் எழுதினால், உலாவி அவற்றைக் காட்டுமேயன்றி நிறைவேற்றாது. சொல்வதெழுதுதலில், 'நான் சொல்வது புள்ளியன்று, சொல்லே' என்று ஆசிரியர் முன்கூட்டி அறிவிப்பது போன்றது இது.

மாற்றும் முறை இடத்துக்கேற்ப வேறுபடும். பத்திக்குள் இடும் எழுத்துக்கு ஒரு முறை. குறிக்குள் இடும் மதிப்புக்கு ஒரு முறை. இணைப்பு முகவரிக்கு ஒரு முறை. வேர்ட்பிரஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செயற்கூறுகளை வழங்கியுள்ளது. தடித்த எழுத்து, இணைப்பு போன்ற சிலவற்றை அனுமதிக்க வேண்டின், அனுமதித்தவற்றைப் பட்டியலிட்டு ஏனையவற்றை நீக்குக. எழுத்தை ஏற்கும்போது சோதித்தலும் நன்றே. ஆனால் வெளியிடும்போது மாற்றுதலுக்கு அஃது ஈடாகாது.

6. தளத்தைப் பராமரிப்போர் கடமை

(அ) இன்றியமையாத செருகுநிரல்களை மட்டும் வைத்துக் கொள்க. உபயோகமற்றவற்றையும், ஆக்கியோர் கைவிட்டவற்றையும் அறவே நீக்குக.

(ஆ) புதுப்பிப்பு வெளிவந்தவுடன் ஏற்றுக. 2020 ஆகஸ்டில் வெளியான வேர்ட்பிரஸ் 5.5 முதல் செருகுநிரல்களைத் தானே புதுப்பிக்கும் வசதி உண்டு.

(இ) அன்றாடக் கட்டுரை வேலைக்கு நிர்வாகிக் கணக்கை உபயோகிக்கலாகாது. அதற்குக் குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்கு வைத்துக் கொள்க. பணி நீங்கியவர்களின் கணக்கை உடனே அகற்றுக.

(ஈ) எந்த இடத்திலிருந்து வரும் நிரலை இயக்கலாம் என உலாவிக்கு அறிவிக்கும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையைத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் துணையுடன் அமைக்கலாம். இஃது இரண்டாவது வேலியே. முதல் வேலிக்கு மாற்றன்று.

7. தீங்கு நேர்ந்தபின்

நிர்வாகப் பக்கத்தைத் திறத்தலே தீய நிரலை மீண்டும் இயக்கக்கூடும். ஆகவே சர்வர் பொறுப்பாளரைக் கொண்டு கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நேரே சோதித்து, குறையுள்ள செருகுநிரலை மாற்றி, தேங்கிய நிரலை அகற்றச் செய்க. பின்னர் அறியாத நிர்வாகிக் கணக்குகளை நீக்குக. கடவுச்சொற்களையும், உள்நுழைவை உறுதிசெய்யும் இரகசியத் திறவுகளையும் மாற்றுக. புதுப்பித்தல் மட்டும் செய்து நின்றுவிட்டால், முன்னரே உண்டான போலி நிர்வாகி அப்படியே இருப்பான். அரசு அலுவலகங்கள், 2022 ஏப்ரல் 28-ஆம் நாளிட்ட கட்டளையின்படி, இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன் என்னும் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. எதிரொலி வகைக்கும் தேங்கிய வகைக்கும் உள்ள வேற்றுமை யாது?

2. குக்கியைப் படிக்க இயலாத நிலையிலும் தீய நிரல் எங்ஙனம் நிர்வாகியின் பெயரால் செயற்படுகின்றது?

3. நும் தளத்திலுள்ள செருகுநிரல்களைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றின் பதிப்பு, கடைசியாகப் புதுப்பித்த நாள், அதன் தேவை ஆகியவற்றை எதிரே குறிக்க. தேவை எழுத இயலாதவற்றை அன்றே நீக்குக.