அலெக்சாந்தர் ‘மகா’ என்னும் பட்டத்திற்கு உரியவனா?

மாசிடோனியா மன்னன் அலெக்சாந்தருக்குச் சரித்திர நூல்கள் ‘மகா’ என்னும் பட்டத்தைச் சூட்டியிருக்கின்றன. அப்பட்டம் அவனுக்குத் தகுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது. துணியை முத்திரை கண்டு வாங்குவோன் ஏமாறுவான். பாவையும் ஊடையையும் பார்ப்பவனே தரம் அறிவான். அவ்வாறே பட்டத்தை விடுத்துச் செயலைப் பார்ப்போமாக.

அவனது போர்த்திறனை நாம் மறுக்கவில்லை. கி.மு. 336-ல், இருபதாம் வயதில் அவன் அரியணை ஏறினான். 334-ல் ஆசியாவிற்குள் புகுந்து, பாரசீகப் பேரரசை வீழ்த்தி, 326-ல் பஞ்சாபின் பியாஸ் நதிவரை வந்தான். 333-ல் இஸ்ஸஸ் போரில் சிறைப்பட்ட தாரியஸ் மன்னனின் தாயையும் மனைவியையும் மரியாதையோடு நடத்தினான். 326-ல் தன்னிடம் தோற்ற போரஸ் மன்னனுக்கு நாட்டைத் திரும்ப அளித்தான். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் இத்தயவு அரச குலத்தார்க்கு வாய்த்த தயவு என்பதை அன்பர்கள் கருதவேண்டும். எளிய மக்களுக்கு வாய்த்தது யாது?

335-ல் தீப்ஸ் நகரம் அவனை எதிர்த்தது. நகரம் தரைமட்டமாக்கப்பட்டது. 6,000 பேர் மாண்டனர் என்றும், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்றும் பழைய ஆசிரியர்கள் கணக்குக் கூறுகின்றனர். 332-ல் தீவு நகரமான டைர் ஏழு மாதம் முற்றுகையிடப்பட்டது. பழைய டைர் நகரை இடித்தெடுத்த கற்களைக் கொண்டு, கரையிலிருந்து தீவுவரை கடலில் பாதை அமைத்தனர். அவ்வேலைக்கு அண்டை நகரத்து மக்கள் திரட்டப்பட்டனர். நகரம் வீழ்ந்தபின் 2,000 பேரைக் கடற்கரையில் சிலுவையில் அறைந்தனர் என்கின்றனர் அவ்வாசிரியர்கள். கல் சுமந்தோர், சிலுவையில் மாண்டோர் ஆகிய இவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா?

‘அது அக்காலத்துப் போர்வழக்கம்’ என்று சிலர் கூறுவர். 327-326 குளிர்காலத்தில், மஸ்ஸகா நகரில் இந்தியக் கூலிப்படையினருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அவர்கள் வெளியேறியபின் அவன் அவர்களைக் கொன்றான். அவனைப் பெரிதும் போற்றிய புளூட்டார்க்கே இதனை அவன் போர்ப்புகழில் படிந்த கறை என்று எழுதினார். ஆகவே வழக்கம் என்னும் சமாதானம் பழைய கிரேக்கருக்கே போதவில்லை.

அவன் வென்றது நிலைத்ததா? 323-ல், முப்பத்து மூன்று வயது நிறையுமுன், பாபிலோனில் இறந்தான். தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுப் போரிட்டனர். அப்பூசலில் அவன் மனைவி ரொக்சானாவும் சிறு மகனும் கொல்லப்பட்டனர். ‘மகா’ என்னும் பட்டமோ, இன்று கிடைக்கும் நூல்களுள், அவன் இறந்து நூறாண்டுகளுக்கு மேற்பட்டபின் பிளாட்டஸ் என்னும் ரோம நாடகாசிரியரின் நகைச்சுவை நாடகத்தில்தான் முதலில் காணப்படுகிறது. அவன் ஆண்ட குடிகள் நன்றிகூறி அளித்த பட்டம் இது என்பதற்குச் சான்றில்லை.

அலெக்சாந்தர் படை நடத்திய காந்தாரத்திலேயே, ஷாபாஸ்கடியில், அசோகரின் பதின்மூன்றாம் கற்சாசனம் நிற்கின்றது. கி.மு. 261-ஐ ஒட்டி நடந்த கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டனர், 1,50,000 பேர் சிறைகொண்டு போகப்பட்டனர் என்று, வென்ற மன்னரே வருந்திப் பொறித்தார். வென்ற கலிங்கத்தை அவரும் விட்டுவிடவில்லை. அதையும் நாம் மறைக்கலாகாது. எனினும் இறந்தோரைக் கணக்கிட்டு, அதனை வெற்றியென்று கொண்டாடாமல் துயரமென்று உரைத்தார். அத்தகைய சாசனம் எதனையும் அலெக்சாந்தர் விட்டுச் செல்லவில்லை.

ஆதலின் அவனைச் சிறந்த படைத்தலைவன் என்போம், ‘மகா’ என்னோம். பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பிக்கும் அன்பர்கள் அவன் வென்ற நாடுகளைச் சொல்லும்போது, டைர் கடலில் கல் சுமந்தோரையும் தீப்ஸில் விலைபோனோரையும் சேர்த்தே சொல்வார்களாக. பட்டம் தகுமா என்பதைப் பிள்ளைகள் தாமே தீர்மானிப்பர்.