குதிரை தரும் மருந்து

கேள்வி: தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். இந்த நோயில் உயிரைப் பறிப்பது கிருமி கக்கும் நஞ்சு. கிருமி வளர்ந்த திரவத்தை 1888-இல் பாரிஸில் ரூ, எர்சின் என்ற விஞ்ஞானிகள் நுண்வடிகட்டியில் வடித்தார்கள். கிருமியே இல்லாத அந்த வடிநீரும் விலங்குகளைக் கொன்றது. நஞ்சுக்குப் பழகிய விலங்கின் சீரம் (ரத்தத் தெளிநீர்) அந்த நஞ்சை முறிக்கும் என்று 1890-இல் பெர்லினில் பெரிங், கிடாசாட்டோ என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! இன்றும் வீரியம் போக்கிய நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்தில் திரியும் நஞ்சை அது முறிக்கும்; செல்லுக்குள் புகுந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.