இரண்டு கையெழுத்து

சென்ற ஆண்டு என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, பாடவேளைக்கு இரண்டு முறை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் அனுமதி கேட்டாள். பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துச் சில நாள் மறுத்தேன். சீருடை தொளதொளவென்று ஆகியிருந்ததையும் கவனிக்கவில்லை. ஒருநாள் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகுதான் தெரிந்தது, முதல் வகை நீரிழிவு.

திரும்பி வந்ததும் அவள் கேட்டாள்: "நான் இனிப்பே அதிகம் சாப்பிட மாட்டேனே சார், எனக்கு ஏன் வந்தது?"

இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அவளுடைய நோய்த்தடைக்காப்பு மண்டலமே அழித்துவிட்டது. இதை விளக்க நம் பள்ளி மேலாண்மைக் குழுவின் காசோலையை எடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் மட்டும் கையெழுத்திட்டால் பணம் வராது. குழுத் தலைவரும் இட வேண்டும்.

நம் டி செல்லும் அப்படித்தான். வேறொரு செல் ஏந்திக்காட்டும் எதிர்ப்பொருள் தூண்டியை அது அடையாளம் காண்பது முதல் கையெழுத்து. ஏந்திக்காட்டும் செல்லின் மேலுள்ள பி7 என்ற புரதம், டி செல்லின் சிடி28 புரதத்தோடு இணைவது இரண்டாவது. கிருமியின் ஆபத்தை உணர்ந்தால்தான் அந்தச் செல் பி7-ஐ நிறையக் காட்டும். முதல் கையெழுத்து மட்டும் கிடைத்த டி செல் செயலற்றுப் போகும். தைமஸில் களையெடுப்பு நடந்தும் தப்பி வரும் சில டி செல்கள் நம் உடலையே தாக்காதிருக்க இந்த விதி பெரிய காவல்.

"ரெண்டு கையெழுத்தையும் ஒருத்தரே போட்டுட்டா?" என்றான் கடைசி வரிசைப் பையன். பாடம் அங்கேதான் தொடங்கியது. தேவையில்லாத இடத்தில் இரண்டாம் கையெழுத்து விழுந்தால், அதுவே சுயதடைக்காப்பு நோய்க்கு ஒரு வழி.

காசோலையை நிறுத்தி வைக்கவும் ஒரு புரதம் உண்டு: சிடிஎல்ஏ-4. அது சிடி28-ஐவிட இறுக்கமாக பி7-ஐப் பற்றிக்கொள்ளும். இரண்டாம் கையெழுத்துக்கு இடம் இருக்காது. இந்த மரபணு இல்லாத எலிகள் சில வாரங்களில் இறந்ததை 1995-இல் கண்டார்கள். கட்டுக்கடங்காத டி செல்கள் அவற்றின் உறுப்புகளுக்குள் புகுந்திருந்தன. இதே தடையைப் புற்றுநோய் சிகிச்சைக்காக நீக்கிக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசன் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அம்மருந்தைப் பெறும் சிலருக்குக் குடல் அழற்சி, தைராய்டு அழற்சி வருவதில் வியப்பில்லை. மறுபக்கம், சிடிஎல்ஏ-4 போலவே பி7-ஐ மூடும் அபாடாசெப்ட் என்ற மருந்து முடக்குவாதத்துக்குப் பயன்படுகிறது.

முதல் வகை நீரிழிவில் பரம்பரைக்கும் பங்குண்டு. சில வைரஸ் தொற்றுகள் மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். பெற்றோர் கொடுத்த மிட்டாய் மீது பழி போடாதீர்கள். அந்தத் தாய் அதைச் சொல்லித்தான் அழுதுகொண்டிருந்தார்.

இக்குழந்தைகள் வகுப்பில் இன்சுலின் போடவும் இடையில் சிற்றுண்டி உண்ணவும் அனுமதிக்குமாறு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பள்ளிக் கல்வி வாரியங்களைக் கேட்டுக்கொண்டது. வியர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம்; நினைவிருந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். நினைவில்லையெனில் வாயில் எதுவும் புகட்டாமல் 108-ஐ அழையுங்கள்.

என் மேசை இழுப்பறையில் இப்போது சாக்பீஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. அது எங்கே இருக்கிறதென்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.