கடன் வாங்காத கழித்தல்

நம் பிரேசர் டவுன் குழந்தையின் காதில் எண்கள் மூன்று மொழிகளில் விழுகின்றன. பாட்டி ‘பதிமூன்று’ என்கிறார். காய்கறி வண்டிக்காரர் ‘ஹதிமூரு’ என்கிறார். பள்ளியில் ‘தேர்ட்டீன்’. தமிழிலும் கன்னடத்திலும் பத்து முன்னால், மூன்று பின்னால், எழுதுவதும் அப்படியே. ஆங்கிலத்தில் மூன்று முந்திக்கொள்கிறது. ஆகவே முதல் வகுப்புப் பிள்ளை 13க்குப் பதில் 31 என்று எழுதினால் கணக்கு வராத பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேட்ட வரிசையில் எழுதியிருக்கக் கூடும். (தமிழ் எண்களெல்லாம் ஒழுங்கு என்று பெருமைப்படவும் வழியில்லை. தொண்ணூறுக்குள் நூறு எப்படி வந்தது என்று பேத்தி கேட்டபோது நான் விழித்தேன்.)

இதற்கு ஒரு விளக்குமாறு போதும். தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு ஒடித்து நூறு துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடுவது பிள்ளையின் வேலை. நாம் கட்டிக் கொடுக்கக் கூடாது. 13 என்றால் ஒரு கட்டு, மூன்று குச்சி. 31 என்றால் மூன்று கட்டு, ஒரு குச்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. எண்ணை எழுதுவது அதற்குப் பிறகுதான்.

கழித்தலில்தான் உண்மையான சிக்கல். 42இலிருந்து 17 போக வேண்டும். இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று நமக்கும் சொல்லித் தந்தார்கள். “எப்போ திருப்பிக் கொடுக்கணும், தாத்தா?” என்றாள் பேத்தி. நியாயமான கேள்வி. அந்தக் கடன் திரும்புவதே இல்லை!

குச்சியில் கடனே கிடையாது. நான்கு கட்டு, இரண்டு குச்சி இருக்கின்றன. ஒரு கட்டை அவிழ்த்தால் மூன்று கட்டு, பன்னிரண்டு குச்சி. மொத்தம் அதே 42தான். சந்தேகமிருந்தால் எண்ணிப் பார்க்கட்டும். ஏழு குச்சியையும் ஒரு கட்டையும் எடுத்துவிட்டால் மீதி இரண்டு கட்டு, ஐந்து குச்சி. கூட்டலில் பத்து சேர்ந்தால் கட்ட வேண்டும், கழித்தலில் போதாவிட்டால் அவிழ்க்க வேண்டும். இவ்வளவுதான்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி, அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறையில் ஒன்று என்பது ஒரு மணி. பத்து, கம்பியில் கோத்த சரம். நூறு, பத்துச் சரங்கள் சேர்ந்த சதுரம். ஆயிரம், பத்துச் சதுரங்களை அடுக்கிய கனசதுரம். ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு மூன்று சுழி வெறும் வட்டங்களாகத் தோன்றாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலிலும் இவ்வழி கையாளப்பட்டது.

“குச்சியே பழக்கமாகிவிடுமே?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. நாமாகப் பிடுங்க வேண்டாம். மனத்தில் கட்டு அவிழத் தொடங்கியதும் பிள்ளையே ஒதுக்கிவிடும். என் பேத்திக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஈர்க்கின் கூர் முனையை நறுக்கிவிட்டுக் கொடுங்கள். ஈர்க்குக்குப் பதில் புளியங்கொட்டை வைப்பவர்கள், வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி வையுங்கள்; வாயில் போட்டுக்கொள்ளும்.