பணம் கட்டும் முன்பு படித்துப் பாருங்கள்



உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அடுத்து எங்கே சேர்ப்பது? பணத்துக்கு என்ன செய்வது? இந்தக் கவலை உங்களுக்கு இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்காகத்தான். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அவசரம் வேண்டாம்.

பச்சையம்மாள் அக்காவின் கதை

பச்சையம்மாள் அக்கா எங்கள் எழுத்தறிவு மையத்தில் படித்தவர். பூக்கட்டி விற்கிறார். கணவர் கொத்து வேலைக்குப் போகிறார். மகள் கவிதா ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தாள்.

2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தது. கவிதா நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பி.காம். படிக்க ஆசைப்பட்டாள்.

மூன்றாம் நாள் ஒருவர் பைக்கில் வந்தார். ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்க்கிறவர்.

"இன்னும் நாலு சீட்டுதாம்மா இருக்கு. இன்னைக்கே அஞ்சாயிரம் கட்டுங்க. சீட்டு உறுதி" என்றார்.

"ரசீது குடுப்பீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"ரசீதெல்லாம் அப்புறம் ஆபீஸ்ல தருவாங்க. பொண்ணோட மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் குடுத்துருங்க."

ஒரு பளபளப்பான தாளைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

அக்கா கம்மலைக் கழற்றினார். முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பினார். வழியில் வேப்பமரத்தடியில் நின்று அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், இங்க பாருங்க. 'ஆண்டுக் கட்டணம் 40,000'னு பெருசா போட்டிருக்கு. கீழே சின்ன எழுத்துல 'பேருந்து, தேர்வு, சீருடைக் கட்டணங்கள் தனி'ன்னு போட்டிருக்கு. தனின்னா எவ்வளவு? அவர் சொல்லவே இல்லையே!"

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு வருடத்துக்கு 40,000. மூன்று வருடத்துக்கு 1,20,000. 'தனி' என்பது அதற்கும் மேலே.

"அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"அங்கெல்லாம் நமக்கு இடம் கெடைக்குமா? படிப்பும் சரியில்லைன்னு அவர் சொன்னாரே" என்றார்.

எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. நானும் பிளஸ் டூ தேறியவள்தான். கல்லூரிக்குப் போக ஆசை இருந்தது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவும் ஆள் இல்லை. விசாரித்தபோது தேதி போய்விட்டது. அடுத்த வருடம் வீட்டு நிலைமை மாறிவிட்டது. ஒரு தேதி தெரியாததால் நான் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. கவிதாவுக்கும் அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

கல்லூரியில் எத்தனை வகை?

கல்லூரிகள் மூன்று வகை.

ஒன்று, அரசுக் கல்லூரி. இதை அரசே நடத்துகிறது. தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் உள்ளன.

இரண்டு, அரசு உதவி பெறும் கல்லூரி. இதைத் தனியார் நடத்துகிறார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசு பணம் தருகிறது.

மூன்று, சுயநிதிக் கல்லூரி. இங்கே மாணவர் கட்டும் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். வாசல் ஒன்றுதான். ஆனால் கட்டணம் இரண்டு. "இது உதவி பெறும் பிரிவா? சுயநிதிப் பிரிவா?" என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

அரசுக் கல்லூரி தரமில்லாததா?

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-ல் தொடங்கியது. கணித மேதை ராமானுஜன் 1904-ல் அங்கேதான் சேர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது. நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் அங்கே படித்தவர்.

எல்லா அரசுக் கல்லூரியும் ஒன்றுபோல இருக்காது. சில இடங்களில் கட்டடம் போதாது. சில பாடங்களுக்கு ஆசிரியர் குறைவு. எனவே நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம், "வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா? ஆசிரியர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

விண்ணப்பிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் இது நடக்கும். தேதி வருடத்துக்கு வருடம் மாறும். செய்தித்தாளைப் பாருங்கள்.

2024-ல் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஆக மொத்தம் 50 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும்தான். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை கேட்கலாம்.

வீட்டில் கணினி இல்லையா? கவலை வேண்டாம். அரசுக் கல்லூரிகளில் உதவி மையம் வைக்கிறார்கள். அங்கே போய் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் உங்கள் வீட்டுப் போன் நம்பரைக் கொடுங்கள். கடைக்காரர் நம்பரைக் கொடுக்காதீர்கள். கலந்தாய்வுக்குக் கூப்பிடும் செய்தி அந்த நம்பருக்குத்தான் வரும். செய்தி வேறு ஒருவர் போனுக்குப் போனால் கையில் இருந்த இடம் போய்விடும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மார்க் ஷீட், டி.சி., ஆதார், மாணவர் பெயரில் வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். கடைசி நேரத்தில் அங்கே கூட்டம் நிற்கும். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

எந்தப் படிப்பு? எந்தக் கல்லூரி?

முதலில் பிள்ளையைக் கேளுங்கள். எந்தப் பாடம் பிடிக்கும்? எந்தப் பாடத்தில் மார்க் கூடுதல்? பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறது என்பதற்காக ஒரு படிப்பில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, தூரத்தைப் பாருங்கள். காலையில் எத்தனை மணிக்குப் பஸ்? மாலையில் கடைசி வண்டி எப்போது? போக முடியாத கல்லூரியில் இடம் கிடைத்தும் பயன் இல்லை.

பட்டம் முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். பட்டம் மட்டுமே வேலை தந்துவிடாது. ஆனால் கதவுகள் திறக்கும். தமிழ்நாடு அரசின் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும்.

செலவு எவ்வளவு?

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் பட்டப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மற்ற சிறு கட்டணங்கள் உண்டு. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் எது பெரிய செலவு? பஸ், மதியச் சாப்பாடு, புத்தகம், துணிமணி. இதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதியில் படிப்பை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதம் எவ்வளவு ஆகும் என்று நோட்டில் எழுதுங்கள்.

சாதாரண நகரப் பேருந்தில் பெண்கள் 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லாமல் போகிறார்கள். மாணவர் பஸ் பாஸ் பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். தூரத்துப் பிள்ளைகளுக்கு அரசு மாணவர் விடுதி உண்டு. அங்கே தங்கவும் சாப்பிடவும் பணம் இல்லை. இடம் கிடைக்குமா என்று சேரும்போதே கேளுங்கள்.

என்னென்ன உதவி உண்டு?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. அதிலும் மாதம் 1,000 ரூபாய்தான். பணம் மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கும் உதவித்தொகை உண்டு.

மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியலுக்கு 2021-லும் இது வந்தது.

திட்டங்களின் விதிகள் மாறலாம். எனவே சேரும் வருடத்தில் கல்லூரி அலுவலகத்தில் மறுபடியும் கேளுங்கள்.

முக்கியமான ஒன்று. உதவிப் பணம் சேர்ந்த பிறகுதான் வரும். சேரும் நாளுக்கு முன்பு வராது. எனவே சேரும் நாளுக்கும் முதல் சில மாதங்களுக்கும் வேண்டிய பணத்தை முன்பே சேர்த்து வையுங்கள். மகளிர் குழுவில் சேமிப்பு இருந்தால் இதற்குப் பயன்படும். வட்டிக்காரரிடம் போக வேண்டாம்.

ஏமாறாமல் இருக்க

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் இடைத்தரகரிடம் தராதீர்கள். கல்லூரியிலும் சரிபார்த்த பிறகு அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது.

நன்கொடை கேட்டால் தயங்காமல் மறுங்கள். கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

"இன்றே கட்டு" என்பவரிடம் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.

பிற மாநிலத்தில் வாழ்கிறீர்களா?

பெங்களூரு, மும்பை போன்ற ஊர்களில் வாழும் தமிழர்களும் இதைப் படிப்பீர்கள். அங்கே அந்தந்த மாநிலத்தின் விதிதான். அருகில் உள்ள அரசுக் கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள். மத்திய அரசின் உதவித்தொகைகளுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளம் இருக்கிறது. அதை எல்லா மாநிலத்தவரும் பார்க்கலாம்.

கவிதாவுக்கு என்ன ஆயிற்று?

அன்று சாயங்காலம் பைக்காரர் வந்தார்.

"ரசீது இல்லாம பணம் தர மாட்டேங்க. சர்டிபிகேட்டும் தர மாட்டேன்" என்றார் அக்கா.

"அப்புறம் சீட்டு போயிடும்மா."

"போகட்டுங்க."

அவர் போய்விட்டார். மறுநாள் நாங்கள் மூவரும் பஸ் ஏறி உதவி மையத்துக்குப் போனோம். கவிதா ஐந்து கல்லூரிகளை எழுதினாள். பஸ் வசதி உள்ளதை முதலில் எழுதினாள். ஜூன் மாதம் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டார்கள். முதலில் கேட்ட கல்லூரி கிடைக்கவில்லை. இரண்டாவதாகக் கேட்ட அரசுக் கல்லூரியில் பி.காம். கிடைத்தது.

கட்ட வேண்டிய பணம் 3,000 ரூபாய்க்கும் குறைவாகவே இருந்தது. அக்கா பூ விற்ற பணத்தை எண்ணிக் கொடுத்தார். ரசீதை வாங்கினார். அங்கேயே நின்று தேதி, பெயர், தொகை மூன்றையும் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. மடித்துப் பையில் வைத்தார்.

கம்மல் அவர் காதிலேயே இருந்தது.

படித்துப் பாருங்கள்

விண்ணப்பம், கலந்தாய்வு, சான்றிதழ், உதவித்தொகை, ரசீது, சுயநிதி

கணக்குப் போடுங்கள்

1. மாதம் 1,000 ரூபாய் வந்தால் ஒரு வருடத்துக்கு எவ்வளவு? மூன்று வருடத்துக்கு எவ்வளவு?
2. உங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய் வர ஒரு நாள் பஸ் செலவு எவ்வளவு? மாதத்தில் 22 நாள் என்றால் எவ்வளவு?

கூடிப் பேசுங்கள்

1. அக்கா அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. உங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்தும் கல்லூரி போகாத பிள்ளைகள் யார்? ஏன் போகவில்லை?
3. அடுத்த மே மாதம் அவர்களுக்குத் தேதியை யார் நினைவுபடுத்துவது?