வெண்புள்ளியோடு பள்ளிக்குப் போனவள் சொல்கிறேன்

கேலிக்கு ஆளாகும் பிள்ளையிடம் "அதையெல்லாம் கண்டுக்காதே" என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம். அந்த அறிவுரையால் என் வலி ஒரு நாளும் குறைந்ததில்லை. குறைத்தது என் அறிவியல் டீச்சர் செய்த சில காரியங்கள். இன்று அதே நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று அவற்றை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் என் உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. அடுத்த ஆண்டுக்குள் கண்களைச் சுற்றியும் பரவிவிட்டன. வகுப்பில் எனக்கு 'பவுடர் டப்பா' என்று பெயர் வைத்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் தொட்ட நோட்டை ஸ்கேலால் தள்ளிவிடுவார்கள். வீட்டுக்கு வரும் உறவினர்களோ, மீனையும் பாலையும் சேர்த்துக் கொடுத்ததால்தான் வந்தது என்று அம்மாவைக் குறை சொன்னார்கள். நான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டே பேசப் பழகினேன்.

அதை டீச்சர் கவனித்தார். ஒருநாள் ஆய்வகத்தில் தனியாக உட்கார வைத்து, "எப்ப இருந்து கண்ணு இப்படி? யாரு என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதன்பின் அவரிடம் நான் கற்றவை இவை.

1. உண்மையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் செல்களை, உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வெண்புள்ளி வருகிறது. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது. தொழுநோய் கிருமியால் வருவது. வெண்புள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மீனும் பாலும் காரணம் என்பதற்கு ஆதாரமே கிடையாது. இதை டீச்சர் விளக்கிய அன்று, நானும் அம்மாவும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

2. பதிலைத் தயாராக வைத்திருங்கள். "இது வெண்புள்ளி. நிறம் மட்டும்தான் போயிருக்கு. யாருக்கும் ஒட்டாது." இதைத் தலைகுனியாமல் சொல்ல டீச்சர் என்னைப் பழக்கினார். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. சொல்லச் சொல்லப் பழகிவிட்டது.

3. கேலியை நிறுத்துவது பெரியவர்களின் பொறுப்பு. கேலி செய்தவர்களை டீச்சர் தனித்தனியாக அழைத்துக் கண்டித்தார். வகுப்பில் நிறுத்தி என்னைக் காட்சிப்பொருளாக்கவில்லை. தோலைப் பற்றிய பாடத்தில், என் பெயரை எடுக்காமலே வெண்புள்ளி பற்றி எல்லாருக்கும் விளக்கினார். மதியத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் டப்பாவிலிருந்து ஒரு வாய் புளிசாதம் எடுத்துச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் இரண்டொருவர் என் அருகில் வந்தார்கள்.

4. வைத்தியமும் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் களிம்பு, புற ஊதா ஒளி என்று சிகிச்சைகள் உண்டு. பலன் ஆளுக்கு ஆள் மாறும், பொறுமை வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து லேகியத்துக்கும் எண்ணெய்க்கும் பணம் கட்டாதீர்கள். வெள்ளைத் திட்டுகள் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும் என்பதால் குடை அவசியம். சிகிச்சை எடுத்துக்கொண்டே தன்னை நேசிக்கவும் முடியும்.

5. பிடித்த வேலை ஒன்றில் இறங்குங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் பொறுப்பை டீச்சர் எனக்குக் கொடுத்தார். உச்சரிப்பில் கவனம் வைத்தபோது முகத்தைப் பற்றிய நினைப்பு பின்னால் போனது. மைக் பிடிப்பதற்காகத் துப்பட்டாவிலிருந்து கையை எடுத்தேன். அதன்பின் முகத்தை மூடவில்லை.

உலகில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு வெண்புள்ளி இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது 20 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அதாவது, படிக்கும் வயதில். ஆண்டுதோறும் ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். ஆசிரியர்களே, அன்று ஒரு பத்து நிமிடம் உங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசுங்கள். தங்கைகளே, யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கோ பேசுங்கள். நீங்கள் மறைந்து வாழ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.